அணைக்கட்டில் நனையாத ஆள்

தண்ணீர் பவுசர் லொறி ஒழுங்கை முகப்பில் நின்று பிளாஸ்டிக் பீப்பாவுக்குள் குழாயை விடும்போது ஒரு சத்தம் வரும். முதலில் வெறும் அடியில் அறைகிற சத்தம். பாதி நிறைந்ததும் அது கனத்து, உள்ளுக்குள் எதையோ உருட்டுகிற உறுமலாக மாறும். அந்த இரண்டாவது சத்தம் கேட்டால் செய்துகொண்டிருப்பதை விட்டுவிட்டு எழும்பி நிற்பேன். தேத்தண்ணி குடித்தால் கோப்பையோடு நிற்பேன். வீட்டில் பழகிவிட்டார்கள். தண்ணீர் தண்ணீருக்குள்ளேயே விழுந்து புரளும் சத்தம் அது. எனக்கு அது பீப்பாவின் சத்தம் இல்லை, கட்டின் சத்தம்.

கட்டு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆற்றுக்குக் குறுக்கே ஆளுயரம்கூட வராத ஒரு சீமெந்துச் சுவர். வயல் வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்புவதற்காகக் கட்டியது. மிஞ்சியது சுவருக்கு மேலால் வழிந்து விழும். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி, வளவுகளில் முளைத்திருந்த பற்றையை வெட்டி எரித்த காலத்தில், வேறு போக்கிடம் இல்லாமல் எல்லோரும் அங்கே போகத் தொடங்கினோம். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தீவிலிருந்தும் வான் பிடித்து வந்தார்கள். மருதமர நிழலில் கல் அடுக்கிச் சமைத்தார்கள். சுவருக்கு மேற்புறம் தேங்கிய தண்ணீரில் தூண்டில், கீழ்ப்புறத்து மணலில் கிரிக்கெட், ஆழமில்லாத ஓரத்தில் லொறி டியூபில் மிதப்பு. யானை லத்தி கிடந்தால் அது ஈரமா காய்ந்ததா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டு உலையை ஏற்றினார்கள்.

கரையில் மூன்று மொழியிலும் ஒரு பலகை நின்றது. இங்கு நீராடுவது ஆபத்தானது என்று. அதில் எப்போதும் யாருடையவோ ஈரச் சாரம் காய்ந்துகொண்டிருக்கும். மிதிவெடிப் பலகைகளுக்கு நடுவில் குடியேறியவர்கள் நாங்கள். சிவப்பில் மண்டையோடு வரைந்த பலகையைக் கண்டால், அந்தப் பக்கம் போன ஆட்டைக்கூடத் தேடிப் போகமாட்டோம். மண்டையோடு இல்லாத பலகையை எவரும் பலகையாகவே எடுக்கவில்லை.

ஆனாலும் எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் வந்திருந்தது. எத்தனை பேர் குளித்தாலும் ஒருவர் நனையக் கூடாது. காய்ந்த உடுப்போடு, நைலோன் கயிறு கட்டிய டியூபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் இருக்க வேண்டும். கயிற்றின் மற்ற நுனி மருதமரத்தில். எல்லோரும் ஏறிய பிறகுதான் அவருக்குக் குளிப்பு. என்ன நடந்தாலும் அவர் தண்ணீருக்குள் பாயக் கூடாது. திரும்பி வந்த முதல் மாரியில் ஒருவரைப் பிடிக்க இன்னொருவர் பாய்ந்து, இரண்டு பேரையும் கீழே மூங்கில் புதருக்குள் கண்டெடுத்த பிறகு வந்த வழக்கம் அது.

சிலாவத்துறையிலிருந்து ஒருவன் மோட்டார் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வருவான். என் வயதுக்காரன். மீன் வாங்கப் போய்ச் சிநேகிதமானோம். சண்டைக் காலத்தில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது பள்ளிக்கூடப் பெடியனாக ஊரைவிட்டுப் புத்தளம் போனவன், சண்டை முடிந்ததும் முதல் ஆளாகத் திரும்பித் தகரக் கொட்டில் போட்டுத் தனியே இருந்தான். மனைவியும் இரண்டு மகள்மாரும் புத்தளத்தில். மனைவி ஊரைவிட்டுப் போனபோது சின்னப் பிள்ளை. அவளுக்குத் தாய், சகோதரிகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் புத்தளம்தான்.

ஒருநாள் மீனை நிறுத்துக்கொண்டே சொன்னான். "சனிக்கிழமை பொஞ்சாதி புள்ளையளக் கூட்டிக்கொண்டு வாறன் மச்சான். உங்கட கட்டைக் காட்டோணும்."

"கட்டில என்ன இருக்கு காட்ட?"

"சிலாவத்துறையில என்னத்தக் காட்டுற? வெயிலையும் பவுசரையுமா? இந்த லீவுக்கு வந்து பாப்பாவாம். மனசுக்குப் பிடிக்காட்டி இனி இங்க வந்து இருக்கிற பேச்சே எடுக்கக் கூடாதாம். சொல்லிப்போட்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மீன் கூடித் தராசு தாழ்ந்து கிடந்ததை அவன் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். அவள் வானிலிருந்து இறங்கி, ஆற்றைப் பார்க்காமல் முதலில் நிலத்தைப் பார்த்தாள். பிள்ளைகள் எங்கே கால் வைக்கிறார்கள் என்று. பிறகு மரங்களைப் பார்த்தாள். நான் குடும்பத்தைக் கூட்டிப் போகவில்லை. அன்று நனையாத ஆள் நான்தான். டியூபுக்குப் பக்கத்தில் நான் குந்தியிருந்ததைக் கண்டு அவள் கேட்டாள்.

"அண்ணன் குளிக்கல்லியா?"

"நான் பிறகு, தங்கச்சி. ஒராள் காய்ஞ்சு இருக்கோணும். எங்கட ஊர்ப் பழக்கம்."

"தண்ணிப் பயம் எண்டு சொல்லன்டா," என்றான் அவன், இடுப்பளவு தண்ணீரில் நின்று. "எங்கட மூத்தாக்கள் முத்துக் குளிச்ச ஆக்கள். உங்கட ஆறு எங்கட கடலுக்கு வாய்க்கால் மாதிரி."

மகள்மார் ஓரத்தில் பாவாடையை முடிந்துகொண்டு கல் பொறுக்கினார்கள். முந்திய வாரத்தைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வழிந்தது, மேலே எங்கோ மழை போலும். சுவரின் அடியில் வெள்ளையாக நுரை பொங்கி, ஒரே இடத்தில் புரண்டுகொண்டிருந்தது. அவன் அதைக் காட்டி மகள்மாருக்குச் சொன்னான்.

"வெள்ளையா உடையுது பாத்தீங்களா? அதில நிக்கலாம். வாப்பா போய் நிண்டு காட்டுறன்."

கடற்கரையில் வளர்ந்தவன் அப்படித்தான் படித்திருந்தான். அவர்களுடைய கடலில் அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் கீழே கற்பாறை இருக்கும், அல்லது மணல்திட்டு. படகு கவிழ்ந்தால் வெள்ளையை நோக்கித்தான் நீந்துவார்கள், கால் ஊன்றலாம் என்று. கட்டுக்குக் கீழே அது நேர்மாறு. வருடக் கணக்காக விழுந்த தண்ணீர் அந்த இடத்தில்தான் கிடங்கு தோண்டி வைத்திருக்கும்.

"அங்க போகாத," என்றேன். "நுரைக்குக் கீழ கிடங்கு. தண்ணி திரும்பச் சுவருக்குத்தான் இழுக்கும்."

"மச்சான், நீ உழக்கின தண்ணி முழங்கால் மட்டும். நீயா எனக்குத் தண்ணி படிப்பிக்கிறாய்?"

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. அதைக் கேட்டுத்தான் அவன் போனான் என்று நான் நினைக்கிறேன். ஒரு மனுசன் இரண்டு வருடம் தகரக் கொட்டிலில் தனியே சமைத்துத் தின்று காத்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தானே.

சுவரின் ஓரத்தில் ஏறிப் பாய்ந்தான். தலை நுரைக்குள் எழும்பியது. எங்களைப் பார்த்துக் கை வீசி நீந்தினான், நன்றாகத்தான் நீந்தினான். ஆனால் வரவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் சுவரின் பக்கம் பின்னால் போனான். விழுகிற தண்ணீர் அவனை அமுக்கிக் கீழே கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி மேலே விட்டது, பிறகும் இழுத்தது. நுரையில் பாதி காற்று. பிடித்து நீந்த அதில் தண்ணீர் இல்லை. மகள்மார் விளையாட்டு என்று கை தட்டினார்கள்.

அவளுக்கு விளங்கிவிட்டது. "பாயுங்க அண்ணன்," என்றாள். பிறகு என் சேர்ட்டைப் பிடித்து இழுத்து, "பாயுங்க."

நான் டியூபை எறிந்தேன். அது அவனுக்குக் கீழ்ப்புறம் விழுந்து ஆற்றோடு போனது. அவள் என்னை என்னவெல்லாமோ சொன்னாள். கயிற்றை இழுத்து டியூபைத் திரும்ப எடுத்து, சுவரின் ஓரத்துக்கு ஓடி, மேலிருந்து விழுகிற தண்ணீருக்குள்ளேயே எறிந்தேன். அவனை இழுத்த அதே சுழல் டியூபையும் இழுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடுத்தது. டியூபின் மேல் அவன் கை வந்தது, பிறகு அக்குள் வந்தது. "பிடி தங்கச்சி" என்றேன். எனக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தாள். பக்கவாட்டில் இழுத்தோம். கயிறு ஒருமுறை விறைத்தது, பிறகு சட்டென்று இலகுவானது. விட்டுவிட்டானோ என்று நினைத்தேன். இல்லை, சுழலிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

மணலில் கிடந்து ஆற்றை வாந்தியெடுத்தான். கண் சிவந்து, மூக்கால் ஒழுகியது. மகள்மார் அப்போதுதான் அழத் தொடங்கினார்கள். அவன் அவர்களைப் பார்த்து, "சோறு ஆறிப்போச்சா?" என்றான்.

சோறு ஆறித்தான் போயிருந்தது. இறால் பொரியலும் பருப்பும். அவள் எல்லோருக்கும் போட்டாள். மதியத்து லுஹர் தொழுகை நேரம் வந்ததும் அவன் எழும்பப் பார்த்தான், முடியாமல் இருந்தபடியே தொழுதான். நான் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் ஈரக் கயிற்றைச் சுருட்டினேன். சட்டியைக் கழுவ வந்தவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பாயச் சொன்னேன். நீங்க பாயல்ல."

"பாஞ்சா கயிறை ஆர் பிடிக்கிறது, தங்கச்சி?"

"அந்த நேரம் உங்களக் கொல்லணும் போல இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப அவர."

சட்டியை மணல் போட்டு உரசினாள், அது பளபளத்த பிறகும் உரசினாள். அக்கரையில் குரங்குகள் மருதங்காய்களைத் தண்ணீருக்குள் போட்டன. தண்ணீர், நடந்தது எதுவும் தெரியாததுபோல, அதே இடத்தில் அதே மாதிரி விழுந்தது. எனக்கு அந்த நேரம் ஆற்றின் மேல் கோபம்கூட வரவில்லை. அது அதன் வேலையைச் செய்தது.

வானில் சாமான் ஏற்றும்போது அவன் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டன் மச்சான். இனி அவ இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். "உயிரோட நிக்கிறாய். பிறகு பாப்பம்," என்றேன்.

பிள்ளைகள் ஏறினார்கள், அவன் முன்னால் ஏறினான். வான் இயங்கத் தொடங்கியதும் அவள் பின் கண்ணாடியைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். குரலில் கோபம் இன்னும் இருந்தது. அவனுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

"அண்ணன், இந்த மனுசனத் தனிய விட்டு வச்சா இன்னும் ஒரு வருசம் தாங்க மாட்டார். பெருநாள் முடிய நாங்க சிலாவத்துறைக்கே வந்துருவோம். சாமான் இறக்க ஆளில்ல, நீங்க வரணும்."

"வாறன், தங்கச்சி," என்றேன். "சொல்லி விடுங்கோ."