வளையலைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்

ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர்களுக்குச் சீக்கிரம் காது கெட்டுப்போகும் என்பார்கள். எனக்குக் காது நன்றாகத்தான் இருந்தது, புத்திதான் வேலை செய்யவில்லை. 2004 முதல் இரண்டு வருஷம், மரக்காணத்தில் அண்ணனுடைய எலக்ட்ரிக்கல் கடை மாடியில் கேசட் பதிவு செய்து கொடுத்தேன். சவுதியிலும் துபாயிலும் வேலை பார்க்கும் கணவன்மார்களுக்கு மனைவிமார்கள் பேசி அனுப்பும் கேசட். ஃபோன் இல்லையா என்று கேட்காதீர்கள். ஃபோன் கூடத்தில் இருக்கும், பக்கத்தில் மாமியார் இருப்பார், "சாப்ட்டீங்களா" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச முடியாது. என் அறையில் அந்தத் தொல்லை இல்லை. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை, நடுவில் ஒரு மைக், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு நான் மட்டும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வாடிக்கையாளரின் காரியத்தைக் கெடுத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே ஜாதி.

எவர்சில்வர் தட்டு

என் அறைக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தேன். மின்விசிறி ஓடக்கூடாது. வாயில் பாக்கு கூடாது. உள்ளே வருகிறவர்கள் வாசலில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் வளையலையும் கொலுசையும் கழற்றி வைத்துவிட வேண்டும். மைக்கில் வளையல் சத்தம் விழுந்தால் பேச்சு கெட்டுவிடும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி விளக்கம் வேறு கொடுப்பேன்.

பிரம்மதேசத்திலிருந்து கன்னியம்மா என்று ஓர் அக்கா வந்தார். கை நிறையக் கண்ணாடி வளையல். கழற்ற மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். சுமங்கலி வெறுங்கையோடு புருஷனிடம் பேசுவதா என்று சண்டைக்கு வந்துவிட்டார். கடைசியில் இரண்டு கையிலும் கர்ச்சீஃப் சுற்றி, அடிபட்டவர் மாதிரி உட்காரவைத்துப் பதிவு செய்தேன். முடித்துவிட்டுப் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உனக்கு இன்னும் கண்ணாலம் ஆவலல்ல? அதான் இப்டி."

தள்ளி உட்காருங்க

ரஹ்மத் கூனிமேட்டிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். என்னைவிட மூன்று வயது பெரியவர். கல்யாணமாகி ஐந்தாவது மாதமே கணவர் காதர் சவுதிக்குப் போய்விட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

மற்றவர்கள் மைக்கைப் பார்த்தால் பேச்சுப்போட்டிக்கு வந்தவர்கள் மாதிரி கத்துவார்கள். ரஹ்மத் மைக்குக்கு மிக அருகில் வந்து, அதுதான் கணவரின் காது என்பதுபோல் குசுகுசுவென்று பேசினார். நடுநடுவே ஏலக்காயைப் பல்லால் மெல்ல உடைப்பார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விடுவார். பிறகு சிரிப்பார், அதுவும் பாதிதான் வெளியே வரும். ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பிடரியில் சிலிர்த்து, அது முதுகு வரைக்கும் இறங்கியது. மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிற பெண் நான். யாரோ கணவன் மனைவி கதவைத் திறந்து பார்த்துவிட்ட மாதிரி கூசிப்போனேன். கண்ணாடியைத் தட்டி, "தள்ளி உட்காருங்கக்கா, வாய்விட்டுப் பேசுங்க, தெளிவா விழல" என்றேன்.

அவர் போன பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூச்சு, ஏலக்காய், பாதிச் சிரிப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து வெட்டினேன். வெட்டியதைக் கேசட்டில் ஏற்றிவிட்டு, இடம் போதாது என்று மூலப் பதிவையும் அழித்தேன். அடுத்த முறை வந்தபோது சுத்தம் செய்த கதையைப் பெருமையாகச் சொன்னேன். ரஹ்மத் நம்பிக்கையோடு தலையாட்டினார்: "நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

பதில் கேசட்

காதரின் பதில் கேசட்டையும் ரஹ்மத் என் அறையில்தான் கேட்பார். வீட்டில் கேட்டால் நாத்தனாருக்கும் கேட்கும். முதல் இரண்டு கேசட்டில் மனிதர் ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருந்தார். மூன்றாவதில் பாதிப் பக்கம். நான்காவதில் ஐந்தே நிமிஷம்.

அதில் சொன்னதை ரஹ்மத் என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அர்த்தம் கேட்டார். பேச்சு அவ்வளவு தெளிவாக இருப்பதால் பக்கத்தில் ஆள் இருப்பதுபோல் தோன்றுகிறது, பாராட்டுகிறார் என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த மாதம் இன்னும் அதிகமாக வெட்டினேன். காதர் சொன்னது இதுதான்: "நல்லாத்தான் பேசற. பக்கத்துல யார வெச்சிக்கினு பேசற ரஹ்மத்?"

ஏழுமலையின் ஆர்டர்

உப்பு லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போகிற லாரி டிரைவர் ஏழுமலை ஒருநாள் மனைவியோடு வந்தார். கேசட் வேண்டும், ஆனால் பேச்சு வேண்டாம் என்றார். பிறகு என்ன வேண்டும்? மனைவி செல்வி தலை வார வேண்டும். சிக்கெடுத்து, பின்னி, கொண்டை ஊசி குத்தி முடிக்கும்வரை அந்தச் சத்தத்தை மட்டும் பிடித்துத் தர வேண்டும். "அது காதுல வுழுந்தா பின்மண்டையில ஒரு மாதிரி ஊர்றா மாரி இருக்கும்மா. ஒடம்பு அப்டியே லேசாயிடும். வண்டிய ஓரங்கட்டிப் படுத்தா அது இல்லாம தூக்கம் வரல" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சும்மா இல்லை, கீழே கடையில் இருந்த அண்ணன் "என்னாடி ஸ்டெல்லா" என்று கேட்கும் அளவுக்கு. கேட்டதும் அவனிடமும் சொன்னேன், கடையில் நின்றவர்களும் சிரித்தார்கள். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு ஆன அதே சிலிர்ப்பைத்தான் அவர் சொன்னார் என்பது சிரிக்கும்போதே எனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தேன். ஏழுமலை கோபப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இவ்ளோ மிஷின் வெச்சிக்கினு கீற, காது மட்டும் இல்லியேம்மா."

தெரிந்தும்

அன்று சாயங்காலம் ரஹ்மத்தின் புதிய பதிவு வெட்டப்படாமல் கம்ப்யூட்டரில் இருந்தது. என் போதனையையும் மீறி நாலைந்து இடத்தில் மூச்சும் சிரிப்பும் விழுந்திருந்தன. முழுக்கக் கேட்டேன். காதருக்கு அனுப்ப வேண்டியது அதுதான் என்று புரிந்தது. வார்த்தையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தாலும் பேசிவிடலாம், அந்த மூச்சை வேறு யாரும் விட முடியாது. புரிந்த பிறகும் என்ன செய்தேன்? அண்ணன் மேலே வருகிறானா என்று படிப்பக்கம் பார்த்துவிட்டு, வழக்கம்போல வெட்டினேன். இவ்வளவு நாள் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள வெட்கம், கேட்டதைச் சொல்லவும் வெட்கம்.

அதற்கு அப்புறம் காதரிடமிருந்து கேசட்டே வரவில்லை. ஃபோன் செய்தாலும் மாமியாரோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார். ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவார் என்று ரஹ்மத் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். காதர் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஒரு மாத விடுப்பில் மட்டும் வருகிறார் என்று மாமியார் மூலம் செய்தி வந்தது. அன்று ரஹ்மத் பதிவு செய்ய வரவில்லை. சும்மா வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நான் ஹெட்ஃபோன் வயரைச் சுற்றிக்கொண்டே தெரியாது என்று தலையாட்டினேன். அவர் கேட்டது: "நான் பேசனதுல என்னாம்மா தப்பு? நீதான எல்லாத்தியும் கேட்ட, நீயாவது சொல்லேன்."

காதர் வந்தார்

2006-இல் ஒரு மத்தியானம், கையில் மஞ்சள் பையோடு ஒருவர் படியேறி வந்தார். பையில் நான் பதிவு செய்த கேசட்டுகள் அத்தனையும் இருந்தன. காதர் என்று சொல்லாமலே தெரிந்தது. வந்து பத்து நாள் ஆகியும் மனைவியிடம் சரியாகப் பேசவில்லையாம். முந்தின நாள் ரஹ்மத் அழுதுகொண்டே என் சட்டங்களையெல்லாம் சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியதாம். கேசட்டில் வந்த குரல் யாரோ மிரட்டி ஒப்பிக்கவைத்த மாதிரி இருந்தது, தன்மேல் பிரியம் விட்டுப்போய்விட்டது, ஊருக்கு வந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். வெட்டியதெல்லாம் எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றேன். "மன்னிச்சிடுங்கண்ணே" என்று சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பையை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வருஷமா அவ மேல கோவமா இருந்தேம்மா. அது மொத்தமும் உன் மேல வந்திருக்கணும். இன்னும் இருவது நாள்ல நான் கெளம்பணும், அவகிட்ட எப்ப சமாதானமாவறது?"

ஒலிப்பதிவில் என்னைப்போல் சுத்தமாக வேலை செய்தவர்கள் இந்தக் கடற்கரையில் யாரும் இல்லை. அந்தச் சுத்தத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் சவுதியில் வேலை பார்த்தவர் காதர்.