ஒரே பள்ளம், ஒரே மாத்திரை

எலிக்கூடத்தின் கதவைத் தட்டிவிட்டுத்தான் பிலவேந்திரன் உள்ளே போவார். "பொம்பளைகளும் இருக்காகல்ல" என்பார். உத்தமபாளையம் பக்கத்துப் பார்மசி கல்லூரியில் ஆராய்ச்சிக்கு வளர்க்கும் வெள்ளெலிகள் அவர் பொறுப்பு. தீவனம் வைத்தபடி ஊர்வம்பு முழுவதையும் அவற்றிடம் கொட்டுவார். திராட்சை விலை இறங்கினால் முதலில் அறிவது எலிகள்தான்.

வீட்டில் மட்டும் அவர் பேச்சில் முள் இருக்கும். போன மாதம் அவரும் மனைவி செபஸ்தியம்மாளும் கோம்பைச் சாலைப் பள்ளத்தில் வண்டியோடு விழுந்தார்கள். இருவருக்குமே தோளில் அடி. வைத்தியர் கொடுத்ததும் ஒரே மாத்திரை, அபின் இனத்து வலி மாத்திரை. கொஞ்ச நாளில் அவர் பரண்மேல் கிடந்த அண்டாவையே இறக்கிவிட்டார். அவளோ கையை நெஞ்சோடு அணைத்தபடி நடமாடினாள். சீக்கிரம் தூக்கிப் பழகாவிட்டால் தோள் இறுகி, கை அப்படியே நின்றுவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

"அதே வண்டி, அதே பள்ளம், அதே மாத்திரை. எனக்குக் கேட்டது ஒனக்கு மட்டும் ஏன் கேக்கல? எல்லாம் நடிப்பு."

"வலி கொறஞ்சிருச்சுங்க. பயந்தான் போகமாட்டேங்குது. நீக வையிறதுல அது போயிருமா?"

இந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சியாளர் சமீனா, காலில் வலி உண்டாக்கிய எலிகளை, சுவருள்ள பாதையும் சுவரில்லாத பாதையும் உள்ள உயரமான மேடையில் விட்டுப் பார்த்தார். பயம் தெளிந்த எலி சுவரில்லாத பாதைக்கு வரும். அபின் இன மருந்து போட்ட ஆண் எலிகள் ஜம்மென்று உலாவின. பெண் எலிகள் சுவரை விட்டு நகரவில்லை. வேறொரு புது மருந்தைப் போட்ட பிறகே எட்டிப் பார்த்தன.

"கஞ்சா போய் ஒட்டுற எடம் எல்லா ஒடம்புலயும் இருக்குண்ணே. இந்தப் புது மருந்து அங்கனதான் வேலை செய்யுது" என்றார் சமீனா. "வலியோட வர்ற பயம் அடங்குற வழி ஆணுக்கு வேற, பொண்ணுக்கு வேற போலருக்கு. எலியிலதான் பாத்திருக்கோம். மனுசருக்கும் இப்படித்தான்னு சொல்லிராதீக."

பிலவேந்திரன் எழுந்துபோய் சன்னலைச் சாத்தினார். "மேடம், கம்பம் பக்கத்துல அந்தப் பேர மெதுவாச் சொல்லுங்க. ஏட்டய்யா எலிகளையும் ஜீப்புல ஏத்திருவாக."

சிரித்தாரே தவிர, மனைவியை வைததை நினைத்து வீடு போய்ச் சேரும்வரை அவருக்கு வெட்கமாக இருந்தது. செபஸ்தியம்மாள் சுவரில் விரல்களை மேலே நகர்த்தும் பயிற்சியில், இடுப்பளவில் நின்றுபோயிருந்தாள். அவரைக் கண்டதும் திட்டு விழும் என்று உடம்பைக் குறுக்கினாள்.

"அந்த மாத்திரை இனத்து மருந்துக்குப் பொம்பள எலிகளும் வெளிய வரல" என்றார்.

"என்னைய எலியோட சேத்தாச்சாக்கும்."

"அதுகள நான் ஒருநாளும் வைஞ்சதில்ல, செபஸ்தி."

சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் நின்றார். தன் கையையும் அவள் விரல் நின்ற அதே உயரத்தில் சுவரில் வைத்தார். அவள் விரல் ஏறும்வரை அவர் கையும் ஏறவில்லை.