வாசல் சுவரில் ஒரு வட்டம்

தையற்காரி கோபப்பட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. விரலில் ஊசி ஏறினாலும் "ஆண்டவனே" என்பதோடு சரி. அப்பேர்ப்பட்டவள் அன்று உச்சி வெயிலில் தண்ணீர் கேன்காரனின் வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டுக்காரர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து கட்டிலே கதி. எழுந்து தாழ் போட முடியாது என்று, அவள் தையல் கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவாள்.

வாசல் சுவரில் சாக்பீஸால் யாரோ வட்டம் போட்டிருந்ததை முன்பே பார்த்திருந்தாள். பிள்ளைகளின் கிறுக்கல் என்று துடைத்தாள். மறுபடியும் வந்தது. எதிர் வீட்டில் கோடு, இங்கே வட்டம். இன்று சாப்பாட்டுக்கு வந்தால், பூட்டுக்குப் பக்கத்தில் மரம் பிளந்திருக்கிறது.

"எவனோ நெம்பினான். போட்டேன் ஒரு சத்தம், ஓடிட்டான்" என்றார் கொத்தனார். "இடுப்புதானே போச்சு, தொண்டை இருக்கில்ல?"

"சிரிக்காதீங்க. இன்னைக்கா?"

"நேத்தும் பூட்டை ஆட்டிப் பாத்தான். நீ பயப்படுவேன்னு சொல்லல."

"திருடன் கொல்றதுக்கு முன்னாடி நானே உங்களைக் கொன்னுடுவேன் போலிருக்கு!"

அப்போதுதான் வெளியே கேன் வண்டியின் சத்தம். எட்டிப் பார்த்தாள். கேன்காரன் எதிர்ச் சுவரில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். பாய்ந்து போய் வண்டியின் முன்னால் நின்றாள்.

"என்னடா இது?"

"கேன் போட்டா கோடு, வீடு பூட்டியிருந்தா வட்டம்க்கா. சாயந்திரம் வர்ற ஆளுக்கு அடையாளம்."

"திருடனுக்கும் அதானேடா அடையாளம்! ஆளில்லாத வீடு, வா வான்னு தமுக்கு அடிச்சிருக்கியே!"

"என்னைத் திருடன்ங்கிறியாக்கா?"

"நீ திருடன் இல்ல, அவனுக்கு விளக்குப் பிடிக்கிறவன். உள்ள எந்திரிக்க முடியாத மனுசன் கெடக்காருடா!"

கேன்காரனின் முகம் வெளுத்தது. "பூட்டு தொங்குச்சேக்கா... உள்ள ஆள் இருக்கும்னு எப்படித் தெரியும்?"

அவள் திரும்பித் தன் கதவைப் பார்த்தாள். பூட்டைத் தொங்கவிட்டவள் அவள்தானே. நெம்பினவன் உள்ளே வந்திருந்தால்? பூட்டினதும் தப்பு, அதை ஊருக்குச் சொன்னதும் தப்பு. கோபம் இறங்கவில்லை, இரண்டு பங்காயிற்று.

"தெருவில இருக்கிற அத்தனையையும் துடை. உன் தண்ணியிலயே துடை" என்றாள். அவனும் முணுமுணுக்காமல் துடைத்தான். இனி வாசலில் நின்று குரல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினால் தானே விழுகிற கனத்த கொக்கி ஒன்றை உள்ளே வைக்கச் சொன்னாள். கொக்கியைத் தூக்க, கட்டில்வரை ஒரு கயிறு. சாரம் கட்டிய கையல்லவா, முடிச்சைக் கொத்தனாரே போட்டார். எதிர் வீட்டுக்காரியிடம், "உள்ள சத்தம் கேட்டா ஓடி வாங்க" என்று சொல்லிவைத்தாள். பூட்டைக் கழற்றிப் பெட்டியில் எறிந்தாள்.

மறுநாள் மத்தியானம் வந்து கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்."

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான்."

"எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. கயித்தை இழுங்க!"

"அப்ப நீதான்" என்றபடி கொத்தனார் கயிற்றை இழுத்தார்.