கொசுக்கார மரினால்வாவும் என் அறுபத்திரண்டு டயர்களும்

எங்கள் தெருவில் மரினால்வா டார்ச் அடித்துப் பார்க்காத மூலை கிடையாது. பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். நகராட்சி கொடுத்த சட்டை, தோளில் ஒரு பை, பைக்குள் உறிஞ்சு குழாய், புழு மருந்து, ஒரு கட்டுப் படிவம். கதவைத் தட்டி "கொசு!" என்று ஒரே ஒரு சொல்தான் சொல்வாள். அதற்குமேல் அனுமதி கேட்கும் பழக்கம் இல்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுப்பாள். நாய்க் கிண்ணத்தைக் கவிழ்ப்பாள். பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் மணல் நிரப்பியிருக்கிறோமா என்று விரலை விட்டுப் பார்ப்பாள். போகும்போது சமையலறைக் கதவின் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள்.

மற்ற வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவாள். என்னிடம் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. நான் அழகாக இருக்கிறேன் என்பதற்காக அல்ல. நான் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மழையில் ஒரு பழைய டயர் கிடந்தால் போதும், ஒரு தெருவுக்கே தேவையான கொசு அதில் பிறந்துவிடும்.

"சேயு ஜெனிவால், நீங்க நடத்தறது கடையில்ல. கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி" என்பாள் உள்ளே நுழைந்ததுமே. எங்கள் ஊரில் ஐயாவுக்குச் சேயு, அம்மாவுக்கு டோனா.

"பெத்துப் போட்டுட்டுப் பில்லு கட்டாமப் போயிடுதுங்க, டோனா மரினால்வா. நானும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கறது?" என்பேன்.

அவள் சிரிக்கமாட்டாள். உதடு மட்டும் ஒரு பக்கமாகக் கோணும். அதற்காகவே நான் பதினைந்து நாள் காத்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் டயர் எல்லாம் கூரைக்கடியில் காய்ந்துதான் கிடக்கும். அவள் வரும் நாள் காலையில் மட்டும் ஒன்றை எடுத்து மழையில் வைப்பேன். ஒரு காலைப்பொழுதில் அதில் புழு வராது. ஆனால் அவள் பத்து நிமிடம் கூடுதலாக நின்று என்னைத் திட்டுவாள். ஐம்பத்தேழு வயதில் ஒரு ஆண்பிள்ளைக்கு இதைவிடக் கேவலமான தந்திரம் இருக்க முடியாது. தெரிந்தேதான் செய்தேன்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயை வைத்துப் பார்த்துக்கொண்டாள். தாய் போன பிறகு தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதைச் சொல்ல எட்டு வருடமாக வாய் வரவில்லை.

போன ஜூனில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. திருவிழாவுக்குத் தெருவில் கட்டிய காகிதக் கொடியெல்லாம் நனைந்து சாயம் ஒழுகியது. கூடவே சிக்குன்குனியா வந்தது. ஏழு பேர் படுத்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரி டோனா சுலெய்டே, அறுபத்தொரு வயதிலும் அருளப்பர் திருவிழா நடனத்தில் வரும் விளையாட்டுக் கல்யாணத்துக்கு நான்தான் மணப்பெண் என்று அடம்பிடிப்பவள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நடக்கும்படி ஆனாள். முட்டி மடங்கவில்லை. மடக்கினால் அலறினாள்.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வாண்டர்லே வந்தார். என் கடை வாசலிலேயே நின்று மரினால்வாவின் படிவங்களைப் புரட்டினார்.

"எல்லா வீட்டுலயும் புழு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ஆனா தெருவே படுத்துக் கிடக்கு. அப்ப நீங்க என்னத்தைத்தான் பார்த்தீங்க?"

 வெள்ளிக்கிழமைக்குள் கொசு பிறக்கும் இடத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் அவளை ஆற்றுக்கு அக்கரைப் பகுதிக்கு மாற்றிவிட்டு எங்கள் தெருவுக்கு வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.  அவளுக்குப் போகப்போவது பத்தொன்பது வருடப் பெயர். எனக்குப் போகப்போவது அவளே.

டோனா சுலெய்டேவுக்குச் சந்தேகமே இல்லை. ஜன்னலிலிருந்தே என் டயர்களைக் காட்டினாள். "இங்க பாரு, குற்றவாளி மலை மாதிரி குமிஞ்சு கிடக்கான். வேற எங்கடி தேடறே?"

செவ்வாய்க்கிழமை மரினால்வா அறுபத்திரண்டு டயரையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். உள்விளிம்பில் கையை விட்டுத் தடவினாள். எல்லாம் சருகாகக் காய்ந்திருந்தன. பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "ஜெனிவால் கடை சுத்தம்!" என்று கத்தினாள். என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு உரக்க நல்லது சொன்னதில்லை.

புதன்கிழமை நான் கடையை மூடிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன். கூரை ஓடையெல்லாம் பார்த்தோம். தொட்டிகளின் வலையை அவிழ்த்துப் பார்த்தோம். ஒரு வீட்டில் பீர் பாட்டில் குவியல், ஒரு வீட்டில் கிளிக்கூண்டுக் கிண்ணம், ஒரு வீட்டில் பேரன் மறந்துபோன பொம்மை லாரி. எதிலும் புழு இல்லை. வியாழன் பிற்பகலில் கடைசி வீடும் முடிந்தது. அவள் என் கடையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மழை முடியிலிருந்து சொட்டியது.

"இந்தக் கொசு நூறு, நூத்தம்பது மீட்டரைத் தாண்டாது, சேயு ஜெனிவால். இங்கதான் எங்கேயோ இருக்கு. என் கண்ணுக்குத்தான் தெரியல."

நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "உங்க வீட்டைப் பார்த்தாச்சா?"

அறைந்ததுபோல நிமிர்ந்தாள். தன் வீட்டைத் தானே சோதித்துக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது அவர்கள் விதி. பக்கத்துப் பகுதி எட்மில்சன்தான் அவள் வீட்டைப் பார்க்க வேண்டும். எட்மில்சன் எப்படிப் பார்ப்பான் என்பது ஊருக்கே தெரியும். சமையலறையில் உட்கார்ந்து மக்காச்சோளக் கேக்கும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு, எட்டிய தூரத்தில் இருக்கும் அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போவான். கொசுக்காரி வீட்டிலேயே கொசுவா என்று அவன் நினைத்திருப்பான். அவனைக் குறை சொல்லி என்ன, நாங்களும் அப்படித்தானே நினைத்தோம்.

"வாங்க. வந்து நீங்களே பாருங்க. ஒண்ணும் கிடைக்கலைன்னா அறுபத்திரெண்டு டயரையும் உங்க தலைமேல அடுக்கிட்டுத்தான் போவேன்" என்றாள்.

அவள் வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. ஃபிரிட்ஜ் தட்டு காய்ந்திருந்தது. தொட்டி வலை இறுக்கிக் கட்டியிருந்தது. எனக்கே வெட்கமாகிவிட்டது. பின்னால் துணி துவைக்கும் இடத்துக்குப் போகத் திரும்பினேன். அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அங்க ஒண்ணுமில்ல."

இந்த வார்த்தையை ஊரில் யார் சொன்னாலும் அவர்களை ஒதுக்கிவிட்டு உள்ளே போகிறவள் அவள். நானும் அதையே செய்தேன். தொட்டிக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் ஒரு மண்பானை இருந்தது. மேலே கட்டியிருந்த பின்னல் துணி இற்றுப்போய்த் தொங்கியது. டார்ச் அடித்தேன். தண்ணீருக்குள் ஒரு சிலையின் இரண்டு சிறிய பாதங்கள் மேல்நோக்கி நின்றன. அந்தோணியார். அவரைச் சுற்றி நூற்றுக்கணக்கில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

மாப்பிள்ளை வேண்டுமென்றால் அந்தோணியாரைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்திவைப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. கேட்டதைக் கொடுக்கும்வரை அவரை வெளியே எடுக்கவும் கூடாது, தண்ணீரைக் கொட்டவும் கூடாது. என் அக்கா அப்படித்தான் ஒரு லாரி டிரைவரைப் பிடித்தாள்.

மரினால்வா துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது.

"ரெண்டு வருஷம் ஆச்சு. துணி கட்டித்தான் வெச்சேன். அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்குவேன். இந்த வயசுல உனக்கு இது கேக்குதான்னு அவரே கேட்டுருவாரோன்னு ஒரே வெக்கம்."

 "கொட்டித் தேய்ச்சுடறேன். யாருக்கும் தெரியாது. பூட்டின வீட்டுக் கூரையில கிடைச்சதுன்னு நாளைக்கு வாண்டர்லேகிட்ட சொல்லிடலாம்" என்றேன்.

"சுலெய்டே நாற்காலியைத் தள்ளிட்டு நடக்கறதைப் பார்த்தீங்கல்ல? அது என் வீட்டுக் கொசு கடிச்சது. பத்தொன்பது வருஷத்துல இந்தத் தாளுல நான் ஒரு பொய் எழுதினதில்ல. இன்னிக்கு ஆரம்பிக்கச் சொல்றீங்களா?"

குழாயில் புழுக்களை உறிஞ்சிச் சின்னக் குப்பியில் எடுத்தாள். படிவத்தில் தன் முகவரியை எழுதினாள். விதிப்படி, சோதனை செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டாள். டயர், பூந்தொட்டி, தண்ணீர்த்தொட்டி என்று தாளில் கட்டம் கட்டமாக இருந்தது. புனிதருக்குக் கட்டம் இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் பானை என்று எழுதினாள். பிறகு தண்ணீரை வெளியே மண்ணில் கொட்டிவிட்டு, பானையின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டு உரசினாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தே மாதக்கணக்கில் கிடக்கும். நான் அந்தோணியாருக்குச் சோப்புப் போட்டேன். மூக்கெல்லாம் பாசி. இரண்டு வருடம் தலைகீழாக நிற்பவருக்கு அதே தெருவில் இருக்கும் பஞ்சர் கடைக்காரன் எப்படிக் கண்ணில் படுவான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். கோழைக்கு எப்போதும் நாளை என்று ஒன்று இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வாண்டர்லே வந்தபோது தெருவே என் கடை முன்னால் கூடிவிட்டது. அவர் படிவத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது உங்க வீட்டு முகவரி."

"ஆமா."

"பானைக்குள்ள என்ன இருந்தது?"

"அந்தோணியார்" என்றாள், தலையைக் குனியாமல்.

 டோனா சுலெய்டே வெடித்தாள். சிரிக்கச் சிரிக்க முட்டி வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "அடியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் அண்ணனையே கட்டி வெச்சிருப்பேனே!"

"உங்க அண்ணனை எனக்குத் தெரியுங்கறதாலதான் புனிதர்கிட்டப் போனேன்" என்றாள் மரினால்வா. "மன்னிச்சிருங்க, டோனா சுலெய்டே. உங்க முட்டி என்னாலதான் போச்சு."

"போடி. பதிலுக்கு முட்டி சரியாகற வரைக்கும் என் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவு, கணக்கு தீர்ந்தது."

வாண்டர்லே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தன் வீட்டுப் புழுவைத் தானே எழுதிக் கொடுத்த ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. தெரு உங்ககிட்டயே இருக்கட்டும். உங்க வீட்டை இனிமே நானே வந்து பார்க்கறேன். எட்மில்சனுக்குக் காப்பி கிடையாது." பிறகு தாளில் விரலை வைத்தார். "ஒரு இடம் காலியா இருக்கே. சோதனை பண்ணினவர் ஜெனிவால். வீட்டுக்காரங்களுக்கு அவர் என்ன வேணும்? இதைக் காலியா விடக்கூடாது."

'அண்டை வீட்டார்' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மரினால்வா பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை என் டயர் அடுக்கின்மேல் வைத்து நிதானமாக எழுதினாள். வாண்டர்லே வாங்கிப் பார்த்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சத்தமாகப் படித்தார்.

"கட்டிக்கப் போறவர்."

மரினால்வா பேனாவை இன்னும் மூடவில்லை. "தப்புன்னா இப்பவே சொல்லிடுங்க, சேயு ஜெனிவால். குறுக்கே ஒரு கோடு போட்டுடறேன்" என்றாள்.

 கோடு வேண்டாம் என்று சொல்ல நான் மூன்று தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது தடவைதான் குரல் வந்தது.