கார்பன் ரெயிலுக்கு அம்மை போட்ட கதை

"தம்பி, பலகைக்கு அம்மை போட்டுக்கீது. சீக்கிரம் வா."

மே மாத வெள்ளிக்கிழமை, மதியம். கோவளம் குப்பத்திலிருந்து கன்னியம்மாக்கா போனில் சொன்னது இவ்வளவுதான். பம்மலில் என் ஷெட்டில் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினேன்.

பலகை என்று அவர் சொன்னது மகன் வேலுவின் சர்ஃப் போர்டை. முந்தின நாள் சாயங்காலம்தான் அதற்குக் கார்பன் ஃபைபர் ஒட்டி அனுப்பியிருந்தேன். ஞாயிறு காலை அவனுக்குப் போட்டி.

ஃபைபர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "ரெயிலுக்கு கார்பன் போட்டா பிரயோஜனம் உண்டாண்ணா?" என்று கேட்கிறார்கள். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

1. வாயைக் கொடுத்தது

தண்ணீர்த் தொட்டி, ஆட்டோ பம்பர், மீன்பிடி போட் என்று இருபத்தைந்து வருஷம் ரெசினில் கைவைத்தவன் நான். சர்ஃப் போர்டு கடைசியாக வந்து சேர்ந்த வேலை. உள்ளே தெர்மாகோல், மேலே கிளாஸ் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடி இழைத் துணியும், அதை ஒட்டி இறுக்கும் ரெசினும், அவ்வளவுதான். போர்டின் இரண்டு பக்க விளிம்புக்கும் ரெயில் என்று பெயர். எதில் மோதினாலும் முதலில் அடிபடுவது அதுதான்.

வேலு ஒரு நாள் போனில் ஒரு போட்டோவைக் காட்டினான்.

"ண்ணா, இந்த போர்டுல ரெண்டு பக்கமும் கருப்பா பட்டை போட்டுக்கீறாங்களே, இன்னாது?"

"கார்பன்டா."

"போட்டா ஒடையாதா?"

எனக்குத் தெரியாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அதுவரை ஒரு போர்டுக்குக்கூட நான் கார்பன் போட்டதில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"யானை ஏறி நின்னாலும் ஒடையாது," என்றேன்.

அவனுக்கு அந்தப் போட்டி வாழ்வா சாவா. ஃபைனலுக்குப் போனால் கோச் வேலை நிரந்தரம் என்று சர்ஃப் ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் அப்பாவோடு மீன்பிடிக்கப் போக வேண்டும். அலைமேல் நின்றால் அவனுக்கு ஒன்றும் செய்யாது; போட்டில் உட்கார்ந்தால் வாந்தி. மீனவர் வீட்டுப் பிள்ளை இதை வெளியே சொல்ல முடியுமா? என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

2. ராகு காலம்

நான் போய்ச் சேர்ந்தபோது போர்டு நிழலில், பாயில் படுத்திருந்தது. மேலே வேப்பிலை பரப்பி மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு பக்க ரெயில் முழுக்கக் கொப்புளம். விரலால் அழுத்தினால் கார்பன் பட்டை உள்ளே போய் வந்தது.

புது போட்டைக் கடலில் இறக்குவதற்கு முன் மணலில் நிறுத்திப் பூஜை போடுவது அவர்கள் வழக்கம். மகன் பலகைக்கு மட்டும் போடாமல் விடுவாரா அக்கா? பத்து மணிக்கே ஒரு ரெயிலை மணலில் புதைத்து, போர்டைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்திவிட்டார். பூ வரத் தாமதமானது. அதற்குள் பத்தரை, ராகு காலம் பிறந்துவிட்டது. பூஜைக்கு வைத்ததை நடுவில் நகர்த்தக் கூடாது. பன்னிரண்டு மணி வரை காத்திருந்தார்கள். மேல் ரெயில் அவ்வளவு நேரமும் வெயிலில்.

கருப்பு, சூட்டை இழுக்கும். தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று உப்பும். ரெசின் இளகும். பட்டை பிய்த்துக்கொண்டு எழும்பும். வெயிலில் வைக்காதே என்று சொல்லியனுப்ப வேண்டியது நான். என் ஷெட்டில் கூரை இருந்ததால் எனக்கே அது உறைக்கவில்லை.

"யக்கா, இது வெயில்ல வந்த கொப்புளம்," என்றேன்.

"அம்மையும் வெயில்லதான் தம்பி வரும்," என்றார்.

நல்ல வேளை, வேலு அங்கே இல்லை. போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போயிருந்தான்.

"அவன்கிட்ட சொல்லிடாத. மன்சு ஒடஞ்சிரும். பாலிஷ் போட எத்துகினு போயிட்டன்னு நான் சொல்லிக்கிறேன்," என்றார் அக்கா. சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவமானமாக இருந்தது.

அவருடைய மஞ்சள் புடவையைச் சுற்றி, போர்டை லோடு ஆட்டோவில் ஏற்றினேன். வேப்பிலையை எடுக்க அவர் விடவில்லை. பல்லாவரம் சிக்னலில் ஒரு பைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

3. வெள்ளை பெயின்ட்

கெட்ட பக்கத்துக் கார்பனை முழுக்க கிரைண்டரில் எடுத்தேன். பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பி, சாதாரண கிளாஸ் துணியை இரண்டு லேயர் போட்டேன். கார்பன் மிச்சம் இல்லை, வாங்கி வர நேரமும் இல்லை. மணலில் புதைந்திருந்த பக்கத்துக் கார்பனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதை அப்படியே விட்டேன். சனிக்கிழமை, இனி சூட்டை இழுக்காமல் இருக்க, இரண்டு ரெயிலுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். அக்காவிடம் மட்டும் போனில் விஷயத்தைச் சொன்னேன். இனி எது எந்தப் பக்கம் என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேலு ஃபைனலுக்குப் போனான். ஃபைனலில் நான்கு பேர், இவன் நான்காவது. ஆனாலும் கோச் வேலை உறுதி. அக்கா மணலிலேயே உட்கார்ந்து அழுதார்.

வேலு போர்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"ண்ணா, வலது பக்கம் திருப்பும்போது பாத்தியா? இன்னா துள்ளு! கார்பன்னா கார்பன்தாண்ணா!"

வலது பக்கம் கிளாஸ். அக்கா என்னைப் பார்த்தார், நான் கடலைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பல போர்டுக்குக் கார்பன் போட்டுப் பார்த்துவிட்டேன். கார்பன் போர்டை விறைப்பாக்கும். எடை அதிகமுள்ளவர், வேகமாகத் திருப்புகிறவர் போட்டுக்கொள்ளலாம், வெள்ளை பெயின்ட் அடித்து. அடிபட்டாலும் உடையக் கூடாது என்பதற்காகப் போடுவதென்றால் வேண்டாம். கிளாஸில் விரிசல் விட்டால் வெள்ளைக் கோடாகத் தெரியும். கார்பன் மறைத்துவிடும், உள்ளே தண்ணீர் போன பிறகுதான் கண்டுபிடிப்போம். இதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. தெரியாத பொருளைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். யானையை எல்லாம் இழுக்காதீர்கள்.

வேலு இப்போது தன்னிடம் பழக வருகிறவர்களையெல்லாம் கார்பன் போடச் சொல்லி என்னிடம் அனுப்புகிறான். உங்களுக்குக் கிளாஸே போதும் என்று சொல்லி முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்புகிறேன். உடனே அவனிடமிருந்து போன் வருகிறது.

"ண்ணா, இத்தினி வருசமா தொழில்ல கீற, கார்பன் வேலைய மொதல்ல ஒயுங்கா கத்துக்கோண்ணா."

சரிடா என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.