நாயைத் தனியாக விடக் கூடாது

பஞ்சு

கதவைத் திறந்தால் அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. எல்லாம் மெத்தைப் பஞ்சு. கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் வாசலில், ஃபேன் இறக்கையில்கூட. நடுவில் ஒரு பெரிய நாய் மூச்சிரைக்க உட்கார்ந்து என்னைப் பார்த்தது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதை உள்ளே விட்டுப் பூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். கதவின் உள்பக்கத்தை அது பிறாண்டியே கீறி வைத்திருந்தது.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் 2004-இல் ரூம் கிளீனிங் வேலைக்குச் சேர்ந்தேன். கடலூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். யாரிடமும் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன். வேலை முடிந்தால் பஸ் ஏறிவிடுவேன். அங்கே மேனேஜராக இருந்தவர் பிலோமினா மேடம். என்னைவிடச் சின்னவர், அதனால் என் பெயரோடு அக்கா சேர்த்து ‘தனக்கா’ என்று கூப்பிடுவார். அவரைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன்.

மேடம் வந்து அறையைப் பார்த்தார். நாயைத் திட்டவில்லை. “பாவம், பயந்து போயிருக்குது. பூட்டிட்டுப் போனவுங்களத்தான் கேக்கணும்” என்றார்.

முதலாளி போனில் கத்தினார். இனிமேல் நாய் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடச் சொன்னார். மேடம் சரி என்று சொல்லவில்லை. நாலு நாள் விடாமல் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தார். அப்புறம்தான் போர்டு எழுதினோம். நாயோடு வந்தால் கீழே பின்பக்கம் இருக்கும் எட்டாம் நம்பர் அறை மட்டும். விரிப்பு அவர்களே கொண்டுவர வேண்டும், கட்டிலில் ஏற்றக் கூடாது. மெத்தைக்கு அட்வான்ஸ் உண்டு, போகும்போது திருப்பித் தருவோம். நாய்க்குத் தினம் தனிக் கட்டணம். முக்கியமாக, தனியாக விட்டுப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது.

அந்தக் கட்டணம் அறையைக் கூட்டுகிறவளுக்கே என்று மேடம் சொல்லிவிட்டார். “நாய் முடியப் பொறுக்கறது நீங்க. கல்லாவுல எதுக்குப் போடணும்?” என்றார். அப்படிச் சொன்ன மேனேஜரை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

பிங்கி

இரண்டு மூன்று வருஷம் கழித்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சரோஜா என்ற அம்மா வந்தார். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் பிங்கி என்ற கிழட்டுப் பொமரேனியன் நாய். வீட்டுக்காரரை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிற்றில் ஆபரேஷன். பிள்ளைகள் கிடையாது.

“நாலு லாட்ஜ்ல கேட்டுட்டேம்மா. நாய்னு சொன்னதுமே கதவச் சாத்துறாங்க. இதுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பக்கத்து வூட்டுல வுட்டுப் பாத்தேன், ரெண்டு நாளா ஒரு வாய் தின்னல.”

மேடம் போர்டைப் படித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அம்மா கடைசி வரிக்கு அழுதுவிட்டார். “தனியா வுடக் கூடாதா? ஆஸ்பத்திரிக்குள்ள நாய வுட மாட்டாங்களே. நான் இன்னா பண்ணுவேன்? அவரு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.”

இரண்டும் நியாயம்தான். பூட்டிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். போகாமல் இருந்தால் அந்த மனுஷனைப் பார்க்க ஆள் இல்லை.

மேடம் கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு எங்களைப் பார்த்து, “நாம மதியம் எங்க சாப்பிடறோம்?” என்று கேட்டார்.

“மாடிப்படி கீழ” என்றாள் என்னோடு வேலை பார்த்த செல்வி.

“எட்டாம் நம்பர்ல ஃபேன் நல்லா ஓடும். அங்க ஒக்காந்து சாப்பிட இஷ்டம் இருக்கறவுங்க ஒக்காரலாம். இஷ்டம் இருந்தா மட்டும். ஒருத்தர் எழுந்தா இன்னொருத்தர். நாய் தனியா இருக்காது, போர்டும் பொய்யாகாது.”

நான் முதல் ஆளாகத் தலையாட்டினேன். எனக்கு நாலு பேர் நடுவில் சாப்பிடக் கூச்சம். கண் தெரியாத நாய் என் தட்டைப் பார்க்கப் போவதில்லை.

மதியம் வார்டில் ஆள் விடுகிற நேரம் பார்த்து அம்மா போவார், நாங்கள் மாறி மாறி உட்காருவோம். பிங்கிக்கு வேண்டியது ஆள் இருக்கிற சத்தம் மட்டும். தட்டில் விரலால் தட்டினால் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும்.

“ஏன் தனக்கா, எங்ககிட்ட வாயே தொறக்க மாட்ட. அதுகிட்ட மட்டும் அப்படி இன்னா பேச்சு?” என்று செல்வி வாசலில் நின்று சிரித்தாள்.

முதலாளி

ஆபரேஷனுக்கு முதல் நாள் முதலாளி வந்துவிட்டார். நான் சோற்றில் கை வைத்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு, “இன்னாடா இது, லாட்ஜா சத்திரமா?” என்று போட்ட சத்தத்தில் பிங்கி மிரண்டு ஓடிக் கட்டில் காலில் முட்டிக்கொண்டது.

பின்னாலேயே மேடம் வந்தார்.

“நாயைப் பாத்துக்கவா இவுங்களுக்குச் சம்பளம் தரேன்?”

“சாப்பாட்டு நேரம் சார். வேலை எதுவும் நிக்கல. எல்லா ரூமும் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“காலி பண்ணச் சொல்லு. இருக்கற தலைவலி ஜாஸ்தி, இது வேறயா?”

“நாளைக்கு அவுங்க வூட்டுக்காரருக்கு ஆபரேஷன் சார். இன்னைக்கு அனுப்புனா நாயோட ரோட்டுலதான் நிக்கணும்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, மேடம் மெரட்டி ஒக்கார வெச்சாங்களா?”

அதுவரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. “இல்லைங்க, நானாத்தான் வந்தேன். அதுக்குக் கண்ணு தெரியாதுங்க” என்றேன். தட்டில் இரண்டு தட்டு தட்டினேன். பிங்கி சுவரோரமாக முகர்ந்துகொண்டே வந்தது. வழியில் முதலாளியின் செருப்பில் முட்டி நின்றது. அவர் காலை எடுக்கவில்லை. அது சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து படுத்த பிறகுதான் நகர்ந்தார்.

“ஆபரேஷன் முடியட்டும். ஆனா பக்கத்து ரூம்லேருந்து ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துச்சு, அன்னைக்கே காலி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரைச்சீலை

மறுநாள் அம்மா விடியும்போதே போய்விட்டார். சாப்பாட்டு நேரம் அன்றைக்குப் போதாது. நாய் குரைத்தால் போச்சு. மேடம் அதற்கும் முந்தின நாளே வழி செய்திருந்தார். வெளுக்கப் போட வேண்டிய திரைச்சீலையில் கிழிசல் தைக்கிற வேலை ரொம்ப நாளாகக் கிடந்தது. அதை எட்டாம் நம்பருக்கு மாற்றினார். எப்படியும் சலவைக்குப் போகிற துணி, முடி ஒட்டினால் பரவாயில்லை. அம்மா கட்டிக் களைந்த புடவையையும் கேட்டு வாங்கி விரிப்பின்மேல் போட்டிருந்தார். பிங்கி முனகும்போதெல்லாம் அந்தப் புடவையில் மூக்கை வைத்துக்கொள்ளும். நானும் செல்வியும் தைத்தோம். மேடம் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து அறையில் கோயிலுக்கு வந்த குடும்பம் மத்தியானத் தூக்கம் போட்டது. ஒரு சத்தம் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தார். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே தரையில் உட்கார்ந்து நாயை மடியில் வாரிக்கொண்டார்.

“அப்பா கண்ணு முழிச்சிட்டாருடி. நீ சாப்பிட்டியான்னு கேட்டாருடி.”

செல்வி ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். மேடம் அம்மாவுக்கு டீ சொல்லப் போனார்.

லாட்ஜ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூடாது என்று சொல்ல வேண்டிய நேரம் நிறைய வரும். சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகு, எதிரில் நிற்கிறவர் இனி என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். பிலோமினா மேடம் அப்படி நின்றதால்தான் அந்த அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரியில் தன் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தார்.