பச்சைக் காரும் உப்புக் காற்றும்

பிள்ளைகளின் படிப்பும் வீட்டு மோர்ட்கேஜும் ஒரு வழிக்கு வந்த பிறகு, எனக்கே எனக்கென்று நான் வாங்கிய முதல் பொருள் ஒரு கார். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கைகள், கூரைக்குப் பதிலாக மடக்கி வைக்கும் துணி, கரும்பச்சை நிறம். என்னைவிடக் கொஞ்சம் இளையது, ஆனால் மூட்டுகள் என்னுடையவற்றைவிட மோசம். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் விற்றார். சாவியைத் தரும்போது அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. இந்தக் காரைக் கொல்லப்போவது எஞ்சின் இல்லை, துருதான் என்று மட்டும் சொன்னார்.

என் கணவருக்குத் துரு புதிதல்ல. அவர் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியர். கொங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை உப்பு எப்படித் தின்கிறது என்று அறிக்கை எழுதுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். பிறகு, "நல்ல தகரப்பேணி" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுவே பெயர்.

புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் கிட்டத்தான். ஐயர் காரின் முன்பக்கப் பொனற்றில் சந்தனம் வைத்துத் தீபம் காட்டினார். நான் நான்கு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைத்து நசித்தேன். கணவர் வழக்கம்போலக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது ஊருக்கே தெரியும். "தேசிக்காய்க்கு பிரேக் பிடிக்கத் தெரியுமோ?" என்று ஐயருக்குக் கேட்கும்படியாகவே சொல்லக்கூடிய ஆள்.

அங்கேதான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சர்க்கரைப் பொங்கல் வாங்க வந்து நின்றவர்களில் ஒரு அன்ரி காரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த வயசிலை உமக்கு இது தேவையோ? நாளைக்குத் துருப்பிடிச்சுக் கொட்டுண்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், "வாரண்டிலை துருவெண்டு ஒருக்கா விழுந்தாலும் நான் வித்துப்போடுவன்" என்றேன். வாரண்ட் என்பது கார் ஓடத் தகுதியானதா என்று பார்த்து முன்கண்ணாடியில் ஒட்டும் சீட்டு. பழைய கார்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பொங்கல் ஆறுவதற்கு முன்பே என் சபதம் ஆக்லாந்துத் தமிழர் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சபதம் போட்டாயிற்று, இனிக் காரைக் காப்பாற்ற வேண்டும். இணையத்தில் இப்படியான கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றில் சேர்ந்தேன். பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள். குளிர்காலம் வந்தால் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள், காரை வெளியே எடுக்காதீர்கள், எடுத்தால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள் என்று ஒரே புலம்பல். நானும் பயந்துபோய் ஜூன் மாதம் முழுக்கக் குளிரில் தரையில் படுத்துக் கிடந்து காரின் வயிற்றைக் கழுவினேன். கடைசியில் நியூசிலாந்துக்காரர் ஒருவர், ஆக்லாந்தில் பனியே விழாதே, யாரம்மா வீதிக்கு உப்புப் போடுகிறது என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கழுவியது வீண் இல்லை. இந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். வீதிக்கு யாரும் உப்புப் போடாவிட்டாலும் காற்று போடுகிறது.

அதே மனிதர்தான் எனக்கு ஆட்டுக் கொழுப்பைச் சொல்லித் தந்தார். செம்மறி ஆட்டு ரோமத்தைக் கழுவும்போது வருகிற பிசுக்கு அது. அதைக் காரின் அடியில் அடித்துவிட்டால் தண்ணீரும் உப்பும் இரும்பைத் தொடாது. ஆட்டுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இது சுலபமாகக் கிடைக்கிறது. மணம்தான் பிரச்சினை. மழையில் நனைந்த ஆட்டு மந்தை ஒன்று வீட்டுக்குள் வந்து படுத்த மாதிரி ஒரு வாரத்துக்கு நாறும்.

முதல் தடவை நான் அதை அடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"இண்டைக்கு மச்சம் தொடக்கூடாதெண்டு முட்டை பொரிக்கவும் விடேல்லை. இப்ப ஆட்டுக் கொழுப்பிலை குளிக்கிறீர்."

"இது ரோமத்திலை வாறதப்பா. ஆடு உயிரோடைதான் நிக்குது."

"அப்ப மரக்கறியோ?"

"ஓம், மரக்கறிதான்."

"நல்லது. இரவைக்கு அதிலையே தாளியும்."

மகள் யன்னலால் எட்டிப் பார்த்து, நீங்கள் இரண்டு பேரும் விசித்திரமானவர்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினாள்.

இவ்வளவு பாடும் எதற்கு என்று கேட்டால், ஊரின் தெற்கே விரி என்ற இடத்துக்கு வேலைக்குப் போகிற அந்தக் காலைப் பொழுதுக்குத்தான். அங்கே ஒரு மருந்துக் கிடங்கில் சரக்குத் திட்டமிடும் வேலை எனக்கு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு யாருக்கு எது எப்போது போகவேண்டும் என்று கணக்குப் பார்க்கிற வேலை. வெயில் நாளில் துணிக்கூரையை மடக்கிவிட்டு மோட்டர்வேயில் ஏறினால், மாங்கரே பாலத்தில் கடல் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சிரிப்பு வரும். யாருக்கும் அம்மாவாக, யாருக்கும் மனைவியாக, யாருக்கும் கீழ் வேலை செய்பவளாக இல்லாத நேரம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிப்பேன்.

இப்படியே வாரண்டுகளெல்லாம் வரிசையாகத் தேறின. அன்ரியைக் கோயிலில் காணும்போதெல்லாம் கார் எப்படியிருக்கிறது என்று அவர் கேட்காமலே சொல்லுவேன்.

போன குளிர்காலம் முடியும் தறுவாயில் வாரண்டுக்காக நியூ லின்னில் நான் வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டுபோனேன். அதை நடத்துபவர் கோயம்புத்தூர்க்காரர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். காரை மேலே தூக்கினார். டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, அடியில தங்கம் மாதிரி வச்சிருக்கீங்க. ஆட்டு வாசம்தான் தாங்கல" என்றார்.

நான் பெருமையோடு சிரித்தேன். அவர் பின்பக்கம் போனார். பின்சக்கர ஸ்பிரிங் பொருத்தியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஸ்குரூட்ரைவரால் தட்டினார். அதன் முனை தகரத்துக்குள் போய்விட்டது. டோர்ச்சைக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்னக்கா இது? கீழ ஒண்ணுமே இல்ல. மேல இருந்து அரிச்சிருக்கு."

காரை இறக்கி டிக்கியைத் திறந்தார். விரிப்பைத் தூக்கினார். ஸ்பெயார் டயருக்குப் பின்னால், மூலையில் ஒரு துணி முடிச்சு ஈரமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதைச் சுற்றித் தகரம் செம்மண்ணாக உதிர்ந்திருந்தது. அவர் முடிச்சைக் கையில் எடுத்து அவிழ்த்தார். கல்லுப்பு, பாதி கரைந்து கட்டிபட்டது. நடுவில் கறுத்துப்போன செத்தல் மிளகாய்.

"திருஷ்டிக்கு வச்சதா? ஏங்கா, உப்பைப் போயா வப்பாங்க? நாங்க எலுமிச்சம்பழம்தான் கட்டுவோம்."

எங்கள் பக்கம் அதைக் கண்ணூறு என்போம். பெயர் எதுவானாலும் உப்பு உப்புத்தான். பழைய டிக்கியில் எப்படியும் மழைத்தண்ணீர் கொஞ்சம் கசியும். அந்த ஈரத்தை உப்பு உறிஞ்சி உறிஞ்சித் தகரத்துக்கு ஊட்டியிருக்கிறது. நான் கடல் உப்பை வெளியே நின்று துரத்திக்கொண்டிருக்க, சமையலறை உப்பு உள்ளே இருந்து சாப்பிட்டிருக்கிறது.

"ஃபெயில்தான் போடணும்கா. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு வச்சு வெல்டிங் பண்ணலாம். ஆனா இன்னைக்கு ஃபெயில்தான்."

வாரண்டில் துரு என்று விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. யார் வைத்தது என்று யோசித்தேன். கோயில் அன்ரியாக இருக்குமோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் துணியைப் பார்த்தேன். வீட்டில் இடுப்பில் உடுக்கும் நீலக் கட்டம் போட்ட சாரத்தின் ஓரம். அந்தச் சாரத்தை நான் எத்தனையோ தடவை துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

என்னைக் கூட்டிப்போகக் கணவர் தன் காரில் வந்தார். ஏறி இருந்து, முடிச்சை அவருக்கு முன்னால் டாஷ்போட்டில் வைத்தேன்.

"என்னப்பா இது?"

"உப்பு" என்றார்.

"உப்பெண்டு எனக்கும் தெரியுது. சாரம் ஆற்றை?"

"என்ரைதான்."

எனக்கு அடக்க முடியாத கோபம். "உப்பு இரும்பைத் தின்னுமெண்டு ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறீங்கள். அந்த உப்பைக் கொண்டு வந்து என்ரை காருக்கை வைச்சிருக்கிறீங்கள். உங்களுக்கு விசரே?"

"ஓம். அண்டைக்கு விசர்தான்."

எஞ்சினை நிறுத்திவிட்டுச் சொன்னார். அதற்கு முந்திய குளிர்காலம், ஒருநாள் காலை மாங்கரே பாலத்துக்குக் கிட்ட லொறியொன்று சின்னக் காரொன்றில் ஏறிவிட்டது என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் போன் எடுத்திருக்கிறார். நான் மீட்டிங்கில் இருந்தேன், போன் மேசையில் கிடந்தது. அவர் ஒஃபிஸ் படிக்கட்டில் நின்று திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார். பிறகு நான் ஒன்றும் தெரியாமல் கூப்பிட்டு, இரவைக்குப் பாண் வாங்கி வாங்கோ என்றேனாம். எனக்கு அந்த நாள் நினைவில்கூட இல்லை.

"அண்டைக்கு என்ரை அக்காவுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். உடுத்த துணியிலை உப்பும் செத்தல் மிளகாயும் முடிஞ்சு, கார் ஓடுற ஆளுக்குத் தெரியாமல் வைக்கச் சொன்னவா. பிறகு எடுத்துத் தண்ணியிலை கரைச்சுப்போட வேணுமாம். அதை மறந்துபோனன்."

தேசிக்காயைக் கிண்டல் பண்ணிய மனிதர், சமையலறையில் நின்று சாரத்தைக் கிழித்து முடிச்சுப் போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனிதரை எனக்கு அந்த நேரத்தில் பிடித்த அளவுக்கு வேறு எப்போதும் பிடித்ததில்லை. ஆனால் கார் விழுந்தது விழுந்ததுதான்.

"இனி விக்கத்தானே வேணும். எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான்" என்றேன்.

"நீர் சொன்னது உம்மடை துருவுக்கு. இது என்ரை துரு. நான் ஒட்டுவிக்கிறன். அன்ரிக்கும் நானே சொல்லுறன், என்ன நடந்ததெண்டு."

"சொல்லுவீங்களோ?"

"சொல்லத்தான் வேணும்."

கராஜ்காரர் தகடு ஒன்றைக் கையில் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது. நான் கண்ணைத் துடைத்தேன்.

"இவ்வளவு பயமெண்டால் ஒரு சொல் என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னால் அண்டைக்கே வித்திருப்பீர். வித்துப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி அடுத்த நாள் பஸ்ஸிலை போயிருப்பீர்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது பொய்யாகியிருக்கும். அவருக்காக அப்படித்தான் செய்திருப்பேன்.